புதுமைப்பித்தனும் பேய்க்கதையும்

தமிழ்ச் சிறுகதையைத் தம் பேராற்றலால் வளம்படுத்தியோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன் ஆவார். இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே அன்னாரை நினைவுகூர்தல் மிகப் பொருந்தும். என்னை? அவரும் திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் பழைய மாணவரே.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்த அவர், இளமையிலேயே அன்னையை இழந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தாராகப் பணியாற்றியவர். 1931இல் பி. ஏ. பட்டம் பெற்ற மைந்தர், 1932இல் கமலா அம்மையாரை மணந்தார். பின்னர் எழுத்தே வாழ்வெனத் துணிந்து சென்னை புகுந்து, 'மணிக்கொடி'யில் கதைகள் எழுதியும் 'தினமணி'யில் பணியாற்றியும் வறுமையோடு போராடினார். மேனாட்டுப் பேய்க்கதைகளிலும் அவர்க்கு ஈடுபாடு மிகுதி. மேரி ஷெல்லியின் புகழ்பெற்ற நவீனத்தைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கினார்.

1943இல் வெளிவந்த 'காஞ்சனை' அவர்தம் பேய்க்கதைகளுள் தலைசிறந்தது. உறக்கம் பிடியாத கதாசிரியர் ஒருவர் தம் அனுபவத்தைத் தாமே கூறுகின்றார். நள்ளிரவிலே பிணம் எரியும் வாடை எழுகின்றது. அடுத்த கணம் அதுவே நறுமணமாகின்றது. மனைவி இரங்கி வீட்டில் வைத்துக்கொண்ட பிச்சைக்காரியோ பேயென அவர்க்குத் தோன்றுகின்றாள். ஆயின், நாம் அறிவன யாவும் அவர் வாய்வழி வந்தனவே. அவரோ பொய் சொல்லிப் பிழைப்பவர் தாமென முன்னரே ஒப்புக்கொண்டவர். வந்தது பேயோ, கூறுவோர் மனத்தின் பிராந்தியோ என்னும் ஐயம் கதை முடிந்த பின்னும் தீர்வதில்லை. அவ்வையமே கதையின் உயிர்நிலை. ஆசிரியர் தீர்ப்புக் கூறாது ஒதுங்கிக்கொண்டமையால், தீர்ப்புக் கூறும் பொறுப்பு நம்பால் வருகின்றது.

நிற்க. அவரது 'செல்லம்மாள்' என்னும் கதையிலே பேய் இல்லை. நோய் முற்றிப் பிதற்றும் மனைவியைத் துணிக்கடைச் சிப்பந்தியாகிய பிரமநாயகம் பிள்ளை சிறிதும் கடியாது தாங்குகின்றார். அவள் காண்பது மெய்யன்று என்பதை அவர் அறிவார்; அவள் படும் துயரம் மெய்யென்பதையும் அறிவார். இவ்விரண்டையும் ஒருங்கே அறிதலன்றோ அன்பு!

திரைப்படத் தொழிலின்பொருட்டுப் புனா சென்ற புதுமைப்பித்தன், காசநோய் முற்றி, 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்திலே தமது 42ஆம் வயதில் மறைந்தார். அன்னாரின் எழுத்துக்கள் 2002இல் தமிழ்நாட்டரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன.

2009ஆம் ஆண்டுப் போரின் நடுவே அகப்பட்ட உடையார்கட்டிலே தமிழ் கற்பிக்கும் நாம், இக்கதைகளை வெறும் பொழுதுபோக்காகக் கொள்ளுதல் இயலாது. இரவில் உறங்காதாரும், பிறர் கேளாத ஒலியைக் கேட்பாரும் எத்தனை இல்லங்களில் உளர்! அவர்களைப் பேய் பிடித்தவரென ஒதுக்குவோர் உளர். பொய்யரென நகைப்போரும் உளர். இரண்டும் தகா. அவர் கூறுவதைப் பொறுமையோடு செவிமடுத்து, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதலே நம் கடன்.

பித்தன் என்பது நம்பியாரூரர் வாயால் இறைவனே ஏற்ற பெயர். அதனை விரும்பிப் புனைந்துகொண்ட இவ்வெழுத்தாளரை மாணவர்கள் கற்பார்களாக. கற்றபின், மனம் நொந்தார்க்குத் துணை நிற்பார்களாக.