ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சரிதச் சுருக்கம்

உலகியலிற் பெருமுயற்சி செய்வார் மெய்ந்நூலாராய்ச்சிக்கு உரியரல்லரென்றும், மெய்ந்நூல் கற்றார் உலகியற்குப் பயன்படாரென்றும் கருதுவார் பலர். இவ்விரு கருத்தும் பொருந்தாவென்பதனைத் தம் வாழ்க்கையாற் காட்டினவர் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். இவரைக் கப்பலோட்டினவரெனப் புகழ்வார் மிகப் பலர். சிவஞானபோதத்திற்கு உரை கண்டவரென அறிவார் சிலரே. ஆதலின் இவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றாம்.

இவர் 1872-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 5-ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஒட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளையவர்கட்கும் பரமாயி அம்மையார்க்கும் புதல்வராய்த் தோன்றினார். தந்தையாரைப் போலவே வக்கீற்றொழில் பூண்டு, பின்னர்த் தூத்துக்குடியில் வதிந்தார். அந்நாளில் அத்துறைமுகத்திற்கும் கொழும்பிற்கும் இடைப்பட்ட கப்பல் வாணிகம் ஆங்கிலக் கம்பெனியார் கையகத்திருந்தது. அதனை மாற்றக் கருதிய பிள்ளையவர்கள், 1906-ஆம் வருடம் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவரவர்கள் அதன் தலைவராயமர்ந்தார்கள். மறுவருடம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தெய்தின. எதிர்க்கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டனர்.

1908-ஆம் வருடம் கோரல் நூலாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, இவர் அவர்க்குத் துணைநின்று கூலியுயர்வு பெறுவித்தார். அவ்வருடம் மார்ச்சு 12-ஆம் தேதி இவரும் சுப்பிரமணிய சிவா அவர்களும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிற் பெருங்கலகம் விளைந்தது. துப்பாக்கிப் பிரயோகத்தில் மாண்டாருமுளர். ஜூலை மாதத்தில் ஆயுட்கால நாடுகடத்தற் றண்டனை விதிக்கப்பட்டது. மேல்விசாரணையில் அது குறைக்கப்பெற்றது. கோயமுத்தூர்ச் சிறையில் இவர் செக்கிழுத்தனர். இவர் சிறையகத்திருக்கும்போதே கம்பெனியுங் கலைந்தது. கப்பல்களும் பிறர் கைப்பட்டன.

பொருளும் தொழிலும் இழந்த அந்நிலையிலும் இவர் நூற்பயிற்சியைக் கைவிட்டிலர். ஜேம்ஸ் ஆலன் என்பாரது நூலை மனம்போல வாழ்வு என மொழிபெயர்த்ததும், மெய்யறம் என்னும் அறநூலை இயற்றியதும் சிறைவாசத்தின் பயனேயாம். 1912-ஆம் வருடம் டிசம்பர் மாதத்தில் விடுதலையுற்றபோது, வக்கீற் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் வறுமையுற்றுக் காலங்கழித்தார். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியாற் சன்னது மீளப்பெற்று, அந்நன்றி மறவாது தம் மைந்தரொருவர்க்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். தம்மை ஒறுத்த அரசினத்தாரேயாயினும், நன்மை செய்தாரை நன்மை செய்தாராகவே கொண்ட நடுநிலை இதனாற் புலனாம்.

பின்னாளில் தொல்காப்பியத்து இளம்பூரணருரைப் பதிப்பிலும், திருக்குறள் அறத்துப்பாலுரையிலும் உழைத்தார். 1935-ஆம் வருடம் இவரது சிவஞானபோதவுரை வெளிவந்தது. பெருநூற் பயிற்சியில்லாதாரும் பொருளுணர்தல் வேண்டுமென்னுங் கருத்தான் எளிய நடையில் அமைந்தது அவ்வுரை. கடல்வழியைத் தம் நாட்டார்க்குத் திறக்க முயன்றவர், மெய்ந்நூல் வழியையும் அவ்வாறே பலர்க்குந் திறக்க முயன்றாரென்பது அறியற்பாலது. 1936-ஆம் வருடம் நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் இவர் உலக வாழ்வை நீத்தார்.

இவர் செலுத்திய கப்பல்கள் சின்னாளிலே மறைந்தன. முயற்சியின் பயனும் இவர் கைக்கெய்திற்றிலது. ஆயினும் பயனிழந்தவிடத்து மனமுடைந்து கடமை நீங்காமையே இவரது பெருமையாம். இவ்வுரையை நம்மனோர் பிற உரைகளோடு ஒப்பவைத்து ஆராய்தலே இவர்க்கு நாஞ் செய்யத்தகும் கைம்மாறாகும்.