ஹைதராபாத் தந்த கால்பந்து ஆசான் ரஹீம்

மார்கழி மாதத்து விடியற்காலை. ஹைதராபாத் நகரம் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உறங்கும் நேரம். காலை ஷிப்டுக்குப் புறப்படும் நம்மவர்கள், சிகந்தராபாத் ஜிம்கானா மைதானத்தைக் கடக்கும்போது அங்கே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். இப்படி வியர்வை சிந்தி ஓடிய ஏழைப் பையன்களைக் கொண்டு, ஒரு காலத்தில் ஆசியாவையே வென்று காட்டினார் இந்நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர்தான் சையத் அப்துல் ரஹீம். விளையாட்டு வீரர்களுக்கு 'ரஹீம் சாஹிப்'.

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ந் தேதி ஹைதராபாதில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். அங்கேயே கால்பந்து ஆடியும் பெயர் எடுத்தார். பிறகு காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களில் பள்ளி ஆசிரியராகப் பணி புரிந்தார். உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமா பெற்று, மாணவர்களின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். வகுப்பறையில் இருந்த கண்டிப்பும் அக்கறையும் மைதானத்திலும் அவருடன் வந்தன. ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளராகவும் பல ஆண்டுகள் உழைத்தார்.

இடது காலுக்கும் ஒரு போட்டி

ரஹீமின் பயிற்சி முறை அந்நாளில் புதுமையானது. வலது காலால் மட்டுமே பந்தை உதைத்துப் பழகியவன் பாதி ஆட்டக்காரன்தான் என்பது அவர் கருத்து. ஆகவே பலவீனமான காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று விதி வைத்துச் சிறுவர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல், உடனே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்பதற்காகவும் தனிப் போட்டிகள் வைத்தார்.

இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் உடல் உரம்தான் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பந்தைப் பின்னால் தட்டிவிட்டு நின்றுவிடுவது சுலபம். தட்டிவிட்ட பின் ஓடி அடுத்த இடத்துக்குப் போவதுதான் ஆட்டம். கடைசி நிமிஷம் வரை ஓடும் தெம்பு இல்லாதவனுக்கு எந்தத் தந்திரமும் கைகொடுக்காது.

1950 முதல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கு அவர் பயிற்சியாளரானார். அவ்வாண்டு குளிர்காலத்தில் டில்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம் அவரது பயிற்சிக்கு நல்ல சாட்சி. கல்கத்தாவின் புகழ்பெற்ற மோகன் பகான் அணி இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் போலீஸ் அணியினர் இரண்டு கோல்களையும் திருப்பி அடித்துச் சமன் செய்தார்கள். மறு ஆட்டத்தில் 1-0 என்று வென்று கோப்பையைத் தட்டி வந்தார்கள். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையையோ 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார்கள்!

அம்முகூடாவிலிருந்து வந்த பையன்

சிகந்தராபாத் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய அம்முகூடாவில், தமிழ்ப் பெற்றோருக்கு 1936ல் பிறந்தவர் துளசிதாஸ் பாலராம். வசதியற்ற குடும்பம். அவரது ஆட்டத்தைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். பல மைல் தூரம் வந்து போகப் பையனிடம் காசு இல்லை. அதை அறிந்த ரஹீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார். இதைப் பாலராம் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்ததுண்டு.

அந்தப் பையன் 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போனான். 1960ல் ரோம் ஒலிம்பிக்கில் பலம் வாய்ந்த ஹங்கேரிக்கு எதிராகவும், பெரு நாட்டுக்கு எதிராகவும் கோல் போட்டான். 1962ல் அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது.

ஹைதராபாதில் பிறந்து, சிகந்தராபாத் கிளப்புகளில் ஆடி, மதராஸ் ரெஜிமென்ட் சென்டரில் சேர்ந்து புகழ் பெற்றவர் பீட்டர் தங்கராஜ். முன்னணி ஆட்டக்காரராகத் தொடங்கி கோல்கீப்பராக மாறிய இந்த நெடியவரும் ரஹீமின் இந்திய அணியில் தூணாக விளங்கினார்.

ஹெல்சிங்கி தந்த பாடம்

1951ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் இந்திய அணி ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. ஆனால் மறு ஆண்டே பெருத்த அடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். நம் வீரர்களில் பெரும்பாலோர் அந்தக் குளிரில் வெறுங்காலுடன் ஆடினார்கள். அதன் பிறகே பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று.

ரஹீம் இந்தத் தோல்வியால் துவளவில்லை. ஐரோப்பியர் ஆடும் முறையைக் கவனித்துத் தம் அணியைத் திருத்தி அமைத்தார். 1956ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்றது இந்தியா. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெருமையுடன் நான்காவது இடம் கிடைத்தது.

ஜகார்த்தாவில் கடைசி வெற்றி

1962ல் ஜகார்த்தா ஆசியப் போட்டிக்குப் புறப்பட்டபோது நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்தையும் ஜப்பானையும் தென் வியட்நாமையும் வென்று, இறுதியில் அதே தென் கொரியாவைச் சந்திக்க வேண்டி வந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்களுக்கு உறக்கம் வரவில்லை. வெளியே வந்தவர்கள், தங்கள் ஆசானும் உறங்காமல் நடந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம்தான் என்று அவர் கேட்டுக்கொண்டதாக வீரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 4ந் தேதி. அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்தோனேஷிய ரசிகர்களோ இந்தியா மீது கோபத்தில் இருந்தார்கள். இஸ்ரேலும் தைவானும் போட்டியில் கலந்துகொள்ள அனுமதிக்கப்படாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததுதான் காரணம். அந்தக் கூச்சலுக்கு நடுவே ரஹீமின் துணிச்சலான ஏற்பாடுகள் பலித்தன. அரையிறுதியில் பர்மன் காத்த கோலை, உயரமான கொரியர்களைச் சமாளிக்கத் தங்கராஜிடம் ஒப்படைத்தார். தலையில் தையல் போட்ட காயத்துடன் இருந்த தடுப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்னணியில் ஆட வைத்தார். பி.கே. பானர்ஜி முதல் கோல். ஜர்னைல் இரண்டாவது கோல். 2-1 என்று தங்கம் கிடைத்தது. ஆசான் கேட்ட பரிசைச் சீடர்கள் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பது மாதங்களே கழிந்தன. 1963 ஜூன் 11ந் தேதி நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அதே ஆண்டில் உடல்நலக் குறைவால் பாலராமும் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். ஆசியப் போட்டியில் அதன் பிறகு இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதில்லை.

நெடுங்காலம் பலர் மறந்திருந்த அவரது கதை, 2024ல் 'மைதான்' என்ற இந்தித் திரைப்படமாக வந்தது. தங்கராஜ் 2008லும், பாலராம் 2023லும் மறைந்தார்கள். பிழைப்புக்காக வெளியூர் வந்த குடும்பத்துப் பையனின் காலில் இருந்த திறமையைக் கண்டு, சைக்கிள் வாடகையும் கொடுத்து வளர்த்த அந்த ஆசிரியருக்கு, ஹைதராபாத் தமிழர்களும் நன்றிக் கடன் பட்டவர்களே.