குண்டுகள் தண்ணீராகும் என்று நம்பிய கூட்டம்
பிர்சா முண்டாவின் எழுச்சியும் முடிவும்

ஹவுராவிலிருந்து நாக்பூர் வழியாகப் பம்பாய்க்கு ரயிலில் போகிறவர்கள் சக்ரதர்பூர் நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். அதை அடுத்த காட்டில்தான் 1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு வாலிபரைச் சிலர் பிடித்துக் கட்டினார்கள். அவர் தலைக்கு ஆங்கில அரசு வைத்திருந்த விலை 500 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஆசைப்பட்டவர்கள் சுற்றுக் கிராமத்துக்காரர்களே.

அந்த வாலிபர் பிர்சா முண்டா. அப்போது அவருக்கு வயது 24.

ஆடு மேய்த்த சிறுவர்

சோட்டா நாகபுரி மலைநாட்டில் உலிஹாத்து கிராமத்தில் 1875 நவம்பர் 15-ந் தேதி ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிர்சா பிறந்தார். ஆடு மேய்த்தார்; புல்லாங்குழல் ஊதினார். சாயிபாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்தார். பின்னர் மிஷனை விட்டு விலகி, பந்த்காவ் ஊரில் ஒரு வைணவரிடம் இருந்தார். பூணூல் அணிந்தார், மாமிசத்தை விட்டார்.

அந்தக் காலத்தில் முண்டா மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. காட்டை வெட்டித் திருத்தியவனுக்கும் அவன் வம்சத்துக்குமே நிலம் சொந்தம் என்பது அவர்கள் வழக்கம். வெளியிலிருந்து ஜமீன்தார்களும் வட்டிக் கடைக்காரர்களும் வந்தார்கள். நிலம் கைமாறியது. திருத்தியவனே அந்த நிலத்தில் கூலி இல்லாமல் உழைத்தான். காட்டையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. முண்டா சர்தார்கள் பல ஆண்டுகள் மனு மேல் மனு போட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை.

கடவுளின் தூதர்

1895-ல் பிர்சா தம்மைக் கடவுளின் தூதர் என்று அறிவித்தார். ஒரே கடவுளை வணங்குங்கள், பேய்களுக்குப் பலியிடாதீர்கள், சாராயத்தைத் தொடாதீர்கள், சுத்தமாக இருங்கள் என்று போதித்தார். தொட்டால் நோய் தீரும் என்று செய்தி பரவியது. அவர் இருந்த சால்காட் கிராமத்துக்கு ஜனங்கள் சாரி சாரியாக வந்தார்கள். மக்கள் அவரைப் பூமித் தந்தை என்று பொருள்படும் தர்த்தி ஆபா என்ற பெயரால் அழைத்தார்கள்.

உலகம் அழியப்போகிறது, தம்மை நம்பியவர்களே தப்புவார்கள் என்றும் அவர் சொன்னார். பலர் பயிர் வேலையைக் கைவிட்டார்கள். புதுத் துணி வாங்கி உடுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். உலகம் அழியவில்லை. ஆனாலும் நம்பிக்கை குறையவில்லை. வெள்ளையர் ஆட்சி முடிந்து முண்டா ராஜ்யம் வரும் என்ற பேச்சு எழுந்ததும் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அவரைக் கைது செய்தார்கள். இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

வில்லும் அம்பும்

விடுதலையாகி வந்த பிர்சா, இம்முறை படை திரட்டினார். இரவு நேரங்களில் மலை உச்சிகளில் ரகசியக் கூட்டங்கள் நடந்தன. சீடர்கள் படைவீரர்கள் ஆனார்கள். எதிரியின் துப்பாக்கிக் குண்டுகள் தண்ணீராகிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள்.

1899 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பல இடங்களில் தேவாலயங்கள்மீது அம்புகள் பாய்ந்தன. 1900 ஜனவரி 7-ந் தேதி குந்தி போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. ஒரு காவலர் உயிரிழந்தார்.

இரண்டே நாளில், ஜனவரி 9-ந் தேதி, சைல் ரகப் குன்றைப் பட்டாளம் வளைத்தது. வில், அம்பு, கோடரி, கவண் கல் ஒரு பக்கம். துப்பாக்கி மறு பக்கம். குண்டு தண்ணீராகவில்லை. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அரசு சொன்ன கணக்கு சிறியது. மக்கள் சொன்ன கணக்கோ நூற்றுக்கணக்கு.

அன்றோடு படை சிதறியது. தப்பியோடிய பிர்சாவும் சில வாரங்களில் பிடிபட்டார். விசாரணை முடியும் முன்பே, 1900 ஜூன் 9-ந் தேதி ராஞ்சி சிறையில் இறந்தார். காலரா என்று அரசு அறிவித்தது. விஷம் வைத்துவிட்டார்கள் என்று மக்களில் பலர் நம்பினார்கள்.

பின்னால் வந்த சட்டம்

தலைவர் போனதும் இயக்கம் ஒடுங்கியது. சீடர்கள் பலர் சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளானார்கள். மிஞ்சியவர்கள் ஒரு சிறு சமயப் பிரிவாக வாழ்ந்தார்கள்.

ஆனால் அரசாங்கத்துக்கு விட்ட பயம் விட்டதுதான். நிலங்களை அளந்து உரிமைகளைப் பதிவு செய்தார்கள். 1908-ல் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்குப் போவதற்கு அது தடை போட்டது. சர்தார்களின் மனுக்களுக்குக் கிடைக்காத பதில், பிர்சா மறைந்து எட்டு ஆண்டு கழித்துக் கிடைத்தது.

2000-ம் ஆண்டு ஜார்க்கண்ட் மாநிலம் உதயமானது அவர் பிறந்த நாளான நவம்பர் 15-ந் தேதி. ராஞ்சி விமான நிலையத்துக்கும் அவர் பெயரே. குண்டு தண்ணீராகும் என்ற வாக்கு பொய்த்தது; அதற்கு விலையாகப் பல உயிர்கள் போயின. நிலம் எங்களுடையது என்ற வாக்கை மட்டும் சட்டமே ஒப்புக்கொண்டது.