கபிலர்: வரலாறும் வழங்கு கதையும்

திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே பாறையொன்று தனித்து நிற்கின்றது. உச்சியில் சிறு கோயில். கபிலர் குன்று என்பர். சங்கப் புலவர் கபிலர் தம் உயிரை நீத்த இடம் இதுவெனக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தார் பெருமையுடன் காட்டுவர். அவரைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்தவை யாவும் ஒரே தரத்தனவல்ல.

நபிமொழி ஆய்ந்த அறிஞர்கள், ஒரு செய்தியை ஏற்குமுன் அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என அறிவிப்பாளர் வரிசையைத் தேடினர். அம்முறை இங்கும் பயன்படும்.

முதற்சான்று கபிலரின் பாடல்களே. பறம்பு மலைத் தலைவன் பாரியின் உயிர்நண்பர் அவர். மூவேந்தர் முற்றுகையிட்டதும், பாரி மாண்டதும், தந்தையை இழந்த மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணந்துகொள்ள வேண்டியதும் புறநானூற்றால் தெரிகின்றன. தம்மை அந்தணர் என்று அவரே கூறிக்கொள்கிறார். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியையும் பாடினார். வாரி வழங்குதல் எளிது, வந்தவரின் தரமறிதலே அரிது என்று அவ்வள்ளலுக்கே எடுத்துரைத்தார்.

அடுத்த நிலையில் நிற்பவை பாடலின் அடியில் பிற்காலத்தார் சேர்த்த கொளுக்கள். மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது கொளு தரும் செய்தி. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ, பாரி மகளை மலையனுக்கு மணமுடித்துப் பெண்ணையாற்றுக் கல்லில் தீப்புகுந்தார் என்கிறது. உண்ணாநோன்பா, தீயா? கல்லில் வெட்டப்பட்டதால் மட்டும் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. கபிலருக்கும் அக்கல்வெட்டுக்கும் இடையே எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. எனினும் அக்குன்றைக் கபிலரோடு இணைத்துப் பேசும் வழக்கு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதற்கு அது மறுக்கவொண்ணாச் சான்று. அம்மட்டில் நிற்றல் வேண்டும்.

அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் சங்கப் பாடல்களில் இல்லை. பிற்காலத் தனிப்பாடல் தந்தவை. நூல்கள் பாரி மகளிர் என்றே சொல்லும்.

கபிலரும் வள்ளுவரும் ஔவையும் ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த உடன்பிறப்புகள் என்பது முழுக் கற்பனை. இதனைச் சொல்லும் கபிலரகவல், பல நூற்றாண்டுகள் பிற்பட்ட வேறொருவர் வாக்கு. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென முழங்கும் அந்நூலை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் கருத்து உயர்ந்தது என்பதற்காகக் கதையை வரலாறாகக் கொள்ள இயலாது.

கபிலர் குறிஞ்சியில் கண்டது நம் கல்வராயன் மலையே என்று மேடையில் முழங்கக் கேட்டதுண்டு. எனக்கும் அவ்வாசை உண்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சுவையை உணர்த்தப் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளில் 99 மலர்களின் பெயர்கள் உள்ளன. கல்வராயன் மலையின் பெயர் இல்லை.