ஒலியின் மெய் தேடிய பிரிக்ஸ்

கோயிற் கோபுரத்திலும் சந்தைக் கம்பத்திலும் ஏறியிருந்த ஒலிபெருக்கி இன்று வீட்டு முன்கூடத்திலும் குடிபுகுந்துவிட்டது. ஆயினும், தம் வீட்டுக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது, அதற்கு இணையான ஆம்பிளிபயர் எது என்று ஆராய்ந்து வாங்குவோர் சிலரே. அந்த ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்கு எளிதாக்கித் தந்தவர் கில்பர்ட் ஆதர் பிரிக்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவருடைய வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

முதற்கண் ஒரு சொல்விளக்கம். ஒலியைப் பெருக்குவது உண்மையில் ஆம்பிளிபயரே. நாம் ஒலிபெருக்கி என்று வழங்கும் ஸ்பீக்கர், மின்னலையைக் காற்றின் அதிர்வாக மாற்றுவது மட்டுமே. எனினும் வழக்காறு வலிது. ஆதலின் ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்றும், மற்றையதை ஆம்பிளிபயர் என்றும் குறிக்கின்றேன்.

பிரிக்ஸின் வரலாற்றை யான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஹல்துமுல்லையில் எங்கள் வீட்டு முன்கூடம் 12 அடி அகலமும் 15 அடி நீளமும் உடையது. சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், தகரக் கூரை. என் தந்தையார் தோட்டத்துக் கோயிலில் தேவாரம் ஓதியபோது பதிந்த ஒலிநாடா ஒன்று எம்மிடம் இருக்கின்றது. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எண்பது வயதைக் கடந்த என் தாயார் அக்குரலைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடைக்காரர் ஒருவரின் சொல்லை நம்பி, 400 வாட் என்று பெட்டியின்மேற் பொறித்த பெருங்கருவி ஒன்றை வாங்கி வந்தேன். அது முழங்கியபோது யன்னற் கண்ணாடிகள் அதிர்ந்தன. தாயார் சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டு, பாடுகின்றவர் யார் என்று என்னை வினவினார். அவ்வினா என் நெஞ்சைத் தைத்தது.

அதன்பின் பழைய புத்தகக் கடை ஒன்றில் பிரிக்ஸ் எழுதிய நூல் என் கைக்குக் கிட்டியது.

பிரிக்ஸ் 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிற் பிறந்தார். பிராட்போர்ட் நகரைச் சூழ்ந்த அந்நாடு கம்பளி நெசவுக்குப் பெயர்பெற்றது. அவரும் துணி வாணிகத்திலேயே தம் வாழ்நாளின் முற்பகுதியைக் கழித்தார். பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர். பியானோ இசையிற் பேரீடுபாடு மட்டும் இருந்தது. அக்காலத்து வானொலிப் பெட்டிகளில் அவ்விசை சிதைந்து ஒலிப்பதைக் கேட்க அவர் செவி பொறுக்கவில்லை. 1932ஆம் ஆண்டு, தம் 42ஆம் வயதளவில், இல்க்லி என்னும் ஊரிலிருந்த தம் வீட்டு நிலவறையில் தாமே ஓர் ஒலிபெருக்கியைச் செய்தார். அவ்வூர் வார்ஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ளது. அப்பள்ளத்தாக்கின் பெயரே வார்ஃப்டேல். தாம் தொடங்கிய தொழிலுக்கும் அப்பெயரையே சூட்டினார். அடுத்த ஆண்டு பிராட்போர்டில் சிறிய தொழிற்சாலை ஒன்று எழுந்தது. வயிற்றுக்கு ஒரு தொழிலும் உள்ளத்துக்கு ஒரு வேட்கையுமாக இருந்தவர், நடுவயதில் வேட்கையையே தொழிலாக்கிக்கொள்ளத் துணிந்தது சிறிய காரியமன்று.

அவர் செய்த ஆய்வுகள் எளியவை, ஆயினும் கூரியவை. ஒலிபெருக்கிப் பெட்டியின் பலகை தானும் அதிர்ந்து, பாட்டோடு தன் குரலையும் கலந்துவிடுகின்றது என்பதைக் கண்டார். அதனைத் தடுக்க இரு பலகைகளுக்கு நடுவே மணலைக் கொட்டி நிரப்பினார். மணல் அதிர்வை விழுங்கிக்கொண்டது. விலையுயர்ந்த பொருளைத் தேடாது, காலடியிற் கிடந்த பொருளைக் கொண்டே அவர் குறை தீர்த்தார்.

1948ஆம் ஆண்டு ஒலிபெருக்கிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பியானோவைப் பற்றியும், ஆம்பிளிபயரைப் பற்றியும், பெட்டி செய்யும் முறையைப் பற்றியும் பின்னர் நூல்கள் பல எழுதினார். கணக்கிற்கு அஞ்சும் வாசகனும் விளங்கிக்கொள்ளுமாறு நகைச்சுவை கலந்து எழுதுவது அவர் இயல்பு. தம் சரக்கை விற்பதிலும் வாங்குவோனின் அறிவை வளர்ப்பதிலேயே அவருக்கு விருப்பம் மிகுதி.

நிற்க. இவ்விரு கருவிகளின் பொருத்தம் என்பது யாது? விபுலாநந்த அடிகள் 1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலில் பண்டை யாழின் உறுப்புகளை விரித்து ஆராய்ந்தார். நரம்பும் பத்தரும் இயையாவிடின் யாழ் இனிது ஒலியாது. அதுபோன்றதே இதுவும். ஒலிபெருக்கியின் மின்தடை ஓம் என்னும் அளவாற் குறிக்கப்படும். 8 ஓமுக்கு அமைந்த ஆம்பிளிபயரில் 4 ஓம் ஒலிபெருக்கியைப் பூட்டினால் அது அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும். வாட் எண்ணைக் கண்டு மயங்குதலும் ஆகாது. வலுவை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்லே உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமாயின் ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். ஒரு வாட்டுக்கு 89 டெசிபெல் ஒலிக்கும் ஒலிபெருக்கி, 86 டெசிபெல் ஒலிப்பதைவிடப் பாதி வலுவிலேயே அதே ஒலியைத் தரும். வலுக்குறைந்த ஆம்பிளிபயரை முடுக்கி முடுக்கி அலறவிட்டாலோ ஓசை சிதைவதோடு, உச்ச ஒலிக்குரிய சிற்றுறுப்பும் எரிந்துபோகக்கூடும். ஆகவே பெரிதும் வேண்டாம், சிறிதும் வேண்டாம்; இயைந்தது வேண்டும்.

மூன்றாவது உறுப்பு ஒன்றும் உண்டு, அதுவே அறை. மூலையில் வைத்த ஒலிபெருக்கியில் அடித்தொனி மிகும். வெறுஞ்சுவரும் சீமெந்துத் தரையும் ஒலியை எதிரெறிந்து சொல்லைக் குழப்பும். பாய், திரைச்சீலை, புத்தக அடுக்கு ஆகியன அதனைத் தணிக்கும்.

இனி, பிரிக்ஸின் வாழ்வில் தலையாய நிகழ்ச்சிக்கு வருவோம். 1954ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டனில் ரோயல் பெஸ்டிவல் மண்டபத்தில், ஏறத்தாழ 3,000 பேர் கூடியிருந்த அவையில், தம் ஒலிபெருக்கிகளை அவர் சோதனைக்கு வைத்தார். கலைஞர் மேடையில் நேரே இசைத்ததும், அதே இசையின் பதிவு ஒலிபெருக்கி வழியே வந்ததும் அடுத்தடுத்து அவையோர் செவியில் விழுந்தன. ஆம்பிளிபயர்களைத் தந்து துணைநின்றவர் குவாட் நிறுவனத்தைக் கண்ட பீட்டர் வாக்கர். அவர் கருவி ஒன்றின் வலு 15 வாட்டே. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கார்னெகி மண்டபத்திலும் பிரிக்ஸ் இச்சோதனையை நடத்தினார். தம் சரக்கை மெய்யான இசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, குறையிருந்தால் ஊரறியட்டும் என்று துணிந்த வணிகர் எத்துணைப் பேர்?

1958ஆம் ஆண்டு தம் நிறுவனத்தை ராங்க் நிறுவனத்தாருக்கு விற்றார். 1967ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல், மனிதரின் செவிப்புலனைப் பற்றியது. முதுமையில் உச்ச ஒலிகள் செவியை விட்டு முதலில் அகலும். வாழ்நாளெல்லாம் ஒலியைச் செம்மைசெய்தவர் இறுதியில் கேட்கும் செவியை நாடியது பொருத்தமே. 1978ஆம் ஆண்டு அவர் காலமானார்.

அவர் நூலைப் படித்து முடித்தபின் பெருங்கருவியை விற்றுவிட்டேன். 8 ஓம் அளவுள்ள சிறிய ஒலிபெருக்கி இரண்டும், அவற்றுக்கு இயைந்த 30 வாட் ஆம்பிளிபயர் ஒன்றும் வாங்கினேன். அவற்றை மூலையில் வைக்காது, சுவரினின்றும் இரண்டடி தள்ளி, அமர்ந்திருப்பவர் செவி மட்டத்தில் வைத்தேன். தரையிற் பாய் விரித்தேன். எதிர்ச்சுவரோரம் என் புத்தக அடுக்கை நிறுத்தினேன். மழை பெய்தால் தகரக் கூரையின் ஓசைமுன் எக்கருவியும் தோற்கும். ஆதலின் மழை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் நாடாவை ஓடவிட்டேன்.

தாயார் கண்ணை மூடிக் கேட்டிருந்தார். பதிகத்தின் நடுவே ஓரிடம் வருமுன்னரே கையை உயர்த்தி, இங்கே அவர் மூச்சு வாங்குவார் என்று தாமாகவே சொன்னார். சொன்னவாறே தந்தையார் மூச்சு வாங்கினார். அந்த மூச்சு முன்னைக் கருவியின் முழக்கத்தில் மறைந்துபோயிருந்தது.

மெய்யான குரலை அறிந்தவரே கருவிக்கு நீதிபதி என்பதை இலண்டன் மண்டபத்தில் 3,000 பேர்முன் பிரிக்ஸ் நிலைநாட்டினார். எங்கள் முன்கூடத்தில் அதற்கு ஒரு மூதாட்டியே போதியவராயிருந்தார்.