அகதிகளின் தோழர் தோமினிக் பிர் சுவாமியார்



தர்மம் செய்ய நல்ல மனது வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அந்த நல்ல மனதைத் தாங்கி நடத்த ஒழுங்கான ஸ்தாபனமும் வேண்டும் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மேளதாளத்தோடு ஆரம்பமான எத்தனையோ உதவிச் சங்கங்கள், செயலாளர் வேறு ஊருக்கு மாறிப் போனதும் கதவடைத்துக் கொண்டதை நீங்களே கண்டிருப்பீர்கள். சங்கம் மூடினால் சங்கத்தாருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அதை நம்பியிருந்த ஏழைகளுக்கே நஷ்டம். அதிலும் வீடும் நாடும் இழந்து வந்த அகதிக் குடும்பத்தின் பிள்ளைக்கு அந்த நஷ்டம் எவ்வளவு பெரியது! ஒரு முறை கைவிடப்பட்டவன் மறுபடியும் கைவிடப்படுகிறான் அல்லவா? இந்த ஆபத்தை நன்கு உணர்ந்து, நல்ல மனதையும் நல்ல ஒழுங்கையும் ஒன்றாக இணைத்துக் காட்டிய ஒரு குருவானவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

பெல்ஜியம் தேசத்தில், மேஸ் நதிக்கரையில், தினான் என்றொரு சிறு பட்டணம் உண்டு. அங்கே 1910-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. ஜார்ஜ் பிர் என்று பெயரிட்டார்கள். குழந்தைக்கு நாலு வயது நடக்கும்போது முதல் உலக யுத்தம் மூண்டது. 1914 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானியப் படை அந்தப் பட்டணத்தில் புகுந்து, ஆயுதம் ஏந்தாத பொதுஜனங்களில் அறுநூறு பேருக்கு மேல் கொன்று, வீடுகளுக்குத் தீ வைத்தது. பிர் குடும்பம் உயிர் தப்பிப் பிரான்சு தேசத்துக்கு ஓடிற்று. நாலு வருஷம் அந்நிய மண்ணில் கழிந்தது. 1918-ல் யுத்தம் ஓய்ந்து திரும்பி வந்தபோது, குடியிருந்த வீடு இடிந்து கிடந்தது. பிற்காலத்தில் அகதிகளுக்காக உழைக்கப் போகிறவர், தாமே அகதிப் பிள்ளையாக வளர்ந்தவர் என்பதை நீங்கள் முதலில் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும்.

பதினெட்டாம் வயதில் ஜார்ஜ், உய் என்ற ஊருக்கு அருகே லா சார்த் என்னும் இடத்திலுள்ள அர்ச். சாமிநாதர் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கே தோமினிக், அதாவது சாமிநாதர் என்னும் பெயரையே பெற்றார். ரோமாபுரியில் வேதசாஸ்திரம் படித்து, 1934-ல் குருப்பட்டம் பெற்று, 1936-ல் பண்டிதப் பட்டமும் அடைந்தார். அதன்பின் லூவேன் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரம் பயின்று, தம் மடத்துக்கே திரும்பி ஆசிரியராக அமர்ந்தார்.

புத்தகமும் வகுப்புமாக அவர் வாழ்நாள் கழிந்திருக்கலாம். ஆனால் வாசலில் நின்ற ஏழைகள் அவரை விடவில்லை. 1938-ல் இரண்டு காரியங்களைத் தொடங்கினார். ஒன்று, வறிய குடும்பங்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து முன்னேற வழி செய்யும் குடும்ப உதவிச் சங்கம். மற்றொன்று, பிள்ளைகள் நல்ல காற்றும் நல்ல ஆகாரமும் பெற்றுத் தங்கிச் செல்லும் திறந்தவெளி விடுதி. இரண்டாம் உலக யுத்தத்தின் போதும் அதன் பிறகும் பெல்ஜியம், பிரான்சு தேசத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த விடுதியில் பசியாறினார்கள். அதே யுத்த காலத்தில் சுவாமியார், நாட்டைப் பிடித்திருந்த எதிரியை எதிர்த்து மறைவாக வேலை செய்த வீரர்களுக்கு ஞான ஊழியம் செய்தார்; சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகள் தப்பிச் செல்லவும் உதவினார். அரசாங்கம் பின்னர் அவருக்குப் பதக்கங்கள் அளித்தது.

இனி கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1949 பிப்ரவரியில் சுவாமியாரின் வாலிபர் கூட்டம் ஒன்றில் பேசுவதற்கு ஓர் அமெரிக்கர் வந்தார். அவர் ஆஸ்திரியா தேசத்தில் அகதி முகாம்களில் உத்தியோகம் பார்த்தவர். யுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் அகதிகளா என்று கேட்டிருந்தவர்கள் அன்று திடுக்கிட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த போலந்துக்காரர், உக்ரேனியர், பால்டிக் நாட்டார் முதலிய எத்தனையோ பேர் மரக் கொட்டகைகளில் இன்னும் அடைந்து கிடந்தார்கள்.

அவர்கள் ஏன் அங்கேயே தங்கிப் போனார்கள் என்பதை நீங்கள் விளங்கிக் கொள்ள வேண்டும். அக்காலத்தில் சர்வதேச அகதிகள் ஸ்தாபனம் என்ற ஒரு பெரிய அமைப்பு இருந்தது. அது பத்து லட்சத்துக்கும் அதிகமான அகதிகளை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் குடியேற்றியது. அது பாராட்டத்தக்க பெரிய வேலைதான். ஆனால் குடியேற்றிய தேசங்கள் ஆளைப் பார்த்துப் பொறுக்கின. திடகாத்திரமான உழைப்பாளிக்கு உடனே இடம் கிடைத்தது. கிழவருக்கும், கைகால் ஊனமுற்றவருக்கும், காச நோயாளிக்கும் கதவு திறக்கவில்லை. தகப்பனுக்கு நெஞ்சில் நோய் என்றால் குடும்பம் முழுவதும் நின்றுவிடும். வயது வந்த மகன் தனியே கப்பலேறலாம். பெற்றோரை விட்டுப் போக மனம் வராவிட்டால், அவனுடைய இளமையும் அதே கொட்டகையில் வீணாகும். இப்படிச் சல்லடையில் தங்கியவர்களே மிச்சமானார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமைத் தவிர வேறு ஊரையே அறியாத குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பெரிய ஸ்தாபனமோ 1952-ல் தன் வேலையை முடித்துக் கொண்டது.

இந்த நிலையில் சுவாமியார் என்ன செய்தார்? கூட்டத்தில் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பேச வந்தவரிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட அகதிகளின் பெயர்களையும் விலாசங்களையும் கேட்டு வாங்கினார். அவர்களுக்குக் கடிதம் எழுதத் தம் கூட்டத்தாரைத் தூண்டினார். பிறகு தாமே ஆஸ்திரியாவுக்குப் பயணம் செய்து, முகாம் முகாமாகச் சென்று, கண்டதை நூலாகவும் எழுதி வெளியிட்டார். பணம் திரட்டுவதற்கு முன் விபரம் திரட்டினார். எத்தனை லட்சம் அகதிகள் என்ற கணக்கைக் காட்டிலும், யார், எந்த ஊர், என்ன வியாதி, எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கையே பெரிதாக மதித்தார். இதுதான் அவரிடம் நாம் கற்க வேண்டிய முதற் பாடம்.

இரண்டாவது பாடம், சுமையைப் பலர் தோளில் பகிர்ந்து வைத்தது. இடம் பெயர்ந்தோர் உதவிச் சங்கம் என்று ஒன்றை நிறுவி, ஒவ்வொரு அகதிக் குடும்பத்துக்கும் ஒரு வளர்ப்புக் குடும்பத்தைத் தேடிக் கொடுத்தார். அவர்கள் கடிதம் எழுதுவார்கள், பொட்டலம் அனுப்புவார்கள், பிள்ளைகளின் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார்கள். பெரிய தனவந்தர் ஒருவரை நம்பி நடக்கும் சங்கம் அவர் மனம் மாறினால் விழுந்துவிடும். ஆயிரம் எளிய வீடுகளை நம்பி நடக்கும் சங்கத்தில் பத்து வீடுகள் விலகினாலும் அடுப்பு அணையாது. அகதிக்கும் இது நல்லது. யாரோ போடும் பிச்சையாக இல்லாமல், பெயர் தெரிந்த ஒரு சிநேகிதரின் சகாயமாக அது வந்து சேர்ந்தது.

மூன்றாவது பாடம், கண்ட தேவைக்கேற்பத் திட்டத்தை மாற்றியது. கடிதமும் பொட்டலமும் முகாமில் இருப்பவனுக்கு ஆறுதல் தரும். முகாமை விட்டு அவனை வெளியேற்றாது. முதியோருக்குத் தேவையானது அந்திமக் காலத்தில் ஒரு நிம்மதியான அறை. ஆகவே 1950-க்கும் 1954-க்கும் இடையே பெல்ஜியத்தில் நாலு முதியோர் இல்லங்களைத் திறந்தார். குடும்பங்களுக்கு அது போதாது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். வாலிபனுக்குத் தொழில் வேண்டும். தாய்க்குச் சொந்தமாகப் பூட்டித் திறக்க ஒரு கதவு வேண்டும். இதற்காக ஐரோப்பியக் கிராமங்கள் என்ற திட்டத்தை வகுத்தார்.

இந்தக் கிராமங்கள் அமைந்த விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 150 பேர் மாத்திரம். ஆயிரம் பேரை ஓரிடத்தில் குவித்தால் முகாமுக்கும் அதற்கும் வித்தியாசம் இராது. நடுக்காட்டில் அமைத்தால் வேலை கிடைக்காது. பிள்ளைகளுக்கு ஊர்ப் பழக்கமும் வராது. ஆகையால் தொழில் நடக்கும் நகரங்களின் ஓரத்திலே கட்டினார். அகதிப் பிள்ளை ஊர்ப் பிள்ளையோடு ஒரே பள்ளியில் படிக்கவும், தகப்பன் ஊராரோடு ஒரே ஆலையில் உழைக்கவும் வழி பிறந்தது. 1956 முதல் 1962 வரை ஆக்கன், பிரெகென்ஸ், ஆக்ஸ்புர்க், புரூசல்ஸ் அருகே ஓரிடம், ஸ்பீசன், வுப்பர்டால், ஒய்ஸ்கிர்கன் என ஏழு கிராமங்கள் எழுந்தன. வுப்பர்டால் கிராமத்துக்கு, நாஜிக் கொடுமையில் மாண்ட யூதச் சிறுமி ஆன் பிராங்கின் பெயரைச் சூட்டினார்கள். அகதி எந்த வேதம், எந்த மொழி என்று சுவாமியார் கேட்டதில்லை. உதவியைத் தூண்டிலாக்கி யாரையும் தம் வேதத்துக்கு இழுக்கவும் அவர் சம்மதித்ததில்லை.

நாலாவது பாடம், காரியத்தைத் தம் ஒருவர் பெயரில் வைத்துக் கொள்ளாதது. வேலை பல தேசங்களுக்குப் பரவியதும் 1957-ல் அதைச் சட்டப்படி பதிவான சர்வதேச தர்ம ஸ்தாபனமாக்கினார். அந்தந்த தேசத்துக் காரியாலயங்கள் அந்தந்த தேசத்தார் பொறுப்பில் நடந்தன. 1958-ல் நோபல் சமாதானப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 48.

பரிசு பெற்றபின் பலர் ஓய்ந்துவிடுவார்கள். சுவாமியார் தம் பார்வையை ஐரோப்பாவுக்கு அப்பால் திருப்பினார். சண்டை மூண்டபின் அகதிக்கு வீடு கட்டுவதோடு, சண்டை மூளாமல் தடுக்கவும் மனிதருக்குப் பயிற்சி வேண்டும் என்று கண்டு, 1960-ல் உய் நகரில் ஒரு சமாதானப் பயிற்சி நிலையம் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் நம் தேசத்து மகாத்மா காந்தியின் பெயர். அதுவே பின்னர் சமாதான சர்வகலாசாலை எனப்பட்டது. 1962-ல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், சிட்டகாங் பக்கத்தில், கோஹிரா என்ற இடத்தில் சமாதானத் தீவு என்ற கிராம முன்னேற்ற வேலையைத் தொடங்கினார். விவசாயம், சுகாதாரம், கல்வி ஆகியவற்றை ஊராரே கற்று நடத்தும்படி சில ஆண்டுகள் துணை நின்று, பிறகு அவர்கள் கையில் ஒப்படைத்து விலகுவது அதன் முறை. அவருடைய கடைசிக் காலத்தில் உருவெடுத்த இரண்டாவது சமாதானத் தீவு எங்கே தெரியுமா? நம் திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலையடிவாரத்தில் உள்ள களக்காட்டில்தான்.

எப்போது விலகுவது என்பதைத் தொடங்கும்போதே தீர்மானித்தாரே, அதுதான் ஐந்தாவது பாடம். உதவி பெறுகிறவன் என்றைக்கும் உதவி பெற்றுக் கொண்டே இருப்பது உதவி செய்கிறவருக்குப் புகழ் தரலாம். பெறுகிறவனை அது நிமிர விடாது.

1969 ஜனவரி 30-ந் தேதி, லூவேன் நகர ஆஸ்பத்திரியில், ரண சிகிச்சைக்குப் பிறகு சுவாமியார் இறந்தார். ஐம்பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. இங்கேதான் ஸ்தாபனத்தின் உண்மையான பரீட்சை நடந்தது. தலைவர் திடீரென்று மறைந்தால் வேலை நிற்குமா, நடக்குமா? நடந்தது. அவர் தொடங்கிய சங்கங்களில் பல இன்றும் பெல்ஜியத்தில் ஊழியம் செய்து வருகின்றன. மனிதர் மறைந்தும் வேலை நின்றதென்றால், அவர் கட்டியது வீடுகளை மாத்திரமல்ல என்று தெரிகிறதல்லவா?

வாசகரே, இந்தச் சரித்திரம் தூர தேசத்துச் சமாசாரம் என்று ஒதுக்கி விடாதேயுங்கள். 1983 முதல் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்த நம் சகோதரர் தமிழ்நாட்டு முகாம்களில் குடியிருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, படித்து, வாலிபமான பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகவும் மற்ற எளியவர்களுக்காகவும் உழைக்கும் சங்கங்களில் நீங்கள் அங்கத்தினராக இருக்கலாம், பணம் கொடுப்பவராக இருக்கலாம். அந்தச் சங்கத்தைப் பற்றிச் சில கேள்விகளைப் பயமின்றிக் கேளுங்கள். உதவி பெறும் பிள்ளைகளின் பெயரும் தேவையும் சங்கத்துக்குத் தெரியுமா, வெறும் எண்ணிக்கை மாத்திரம் தெரியுமா? கணக்குப் புத்தகத்தைப் பொருளாளர் அல்லாத ஒருவர் திறந்தால் விளங்குமா? தலைவர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தால் படிப்புச் செலவுப் பணம் தவறாமல் போய்ச் சேருமா? ஒரே கொடையாளியை நம்பியிருக்கிறதா? வாலிபர்களுக்கு என்ன தேவை என்று அந்த வாலிபர்களையே கேட்டார்களா? அவர்கள் தங்கள் சொந்தக் காலில் நிற்கும் நாளைக் குறித்திருக்கிறார்களா?

இவற்றில் ஒன்றிரண்டுக்குப் பதில் இல்லையென்றால் சங்கத்தைக் குறை கூறி விலகாதேயுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தால் அதை நீங்களே ஏற்றுக் கொள்ளுங்கள். கடிதம் எழுதத் தெரிந்தால் ஒரு பிள்ளைக்கு எழுதுங்கள். அடுத்த செயலாளராக வரக்கூடிய ஒருவரை இப்போதே பழக்குங்கள். இவை சிறு காரியங்களாகத் தோன்றும். நாற்பது சொச்சம் பெயர்கள் எழுதிய ஒரு பட்டியலும் முதலில் அப்படித்தான் தோன்றியிருக்கும்.