ஓர் எழுத்து கூடிய பெயர்

கடந்த பருவத்தில் ஓர் இடுபணிக்காகக் கணினியில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்தேன். உடனே அதன் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. எழுத்துப் பிழை என்றது கணினி. ஆனால், பிழை என்னுடையதன்று. அந்த மனிதர் தம் பெயரை அப்படித்தான் எழுதினார். பிற்காலத்தில் உலகம்தான் அதில் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டது.

அவர் ஹென்றி டெரிஞ்சர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த துப்பாக்கிக் கைவினைஞர். ஆங்கிலத்தில் அவர் பெயரில் 'டெ' என்ற ஒலிக்குப் பின் ஒரே ஒரு 'ஆர்' எழுத்துதான் வரும். இன்று ஆங்கில அகராதியில் அந்த இடத்தில் இரண்டு 'ஆர்' இருக்கும். அங்கே அது மனிதரின் பெயரும் அன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு கைத்துப்பாக்கியைக் குறிக்கும் பொதுச்சொல்.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. தம் பெயரே ஒரு பொருளின் பெயராகிவிட்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதும்படி எங்கள் விரிவுரையாளர் கூறியிருந்தார். நண்பர்கள் பலர் ருடால்ஃப் டீசலையும் ஜேம்ஸ் வாட்டையும் எடுத்துக்கொண்டனர். நான் டெரிஞ்சரை எடுத்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. எஸ்.பி.எம். முடிவுகள் வந்த ஆண்டில், ஓர் ஆவணத்தில் என் பெயரின் கடைசியில் ஓர் 'எச்' எழுத்து கூடுதலாக ஏறிவிட்டது. முகப்பில் இருந்தவர் ஓர் எழுத்துதானே என்று சிரித்தார். அந்த ஓர் எழுத்துக்காக அப்பா இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். பல்கலைக்கழகப் பதிவு கைநழுவிப் போகப் பார்த்தது. பெயரில் ஓர் எழுத்து கூடினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

டெரிஞ்சர் 1786ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் நகரில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அவருடைய தந்தையும் துப்பாக்கி செய்பவர்தான். ஜெர்மானியக் குடியேறிகள் அங்கே நீண்ட குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்து பெயர் பெற்றிருந்த காலம் அது. மகன் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் தொழில் பழகினார். 1806இல், ஏறத்தாழ என் வயதில், பிலடெல்பியாவில் சொந்தப் பட்டறை தொடங்கினார். பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரமே அவருடைய தொழிலிடமாக இருந்தது.

முதலில் அவருக்குச் சோறு போட்டவை பெரிய துப்பாக்கிகள்தாம். அமெரிக்க அரசாங்கம் இராணுவத்துக்காக 1817ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகளைச் செய்ய ஒப்பந்தம் கொடுத்த பட்டறைகளுள் அவருடையதும் ஒன்று. பூர்வகுடி மக்களைத் தங்கள் நிலத்தை விட்டு மேற்கே போகச் செய்த ஒப்பந்தங்களின்படி அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகளையும் அவர் செய்தார். நேரத்துக்கு ஒப்படைப்பவர், தரம் குறையாதவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அதே சமயம், அவர் கைவேலை யார் வாழ்வில் போய் முடிந்தது என்ற கேள்வியும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது சட்டைப்பைத் துப்பாக்கி. அது எப்படிச் சாத்தியமானது என்பதைப் பொறியியல் மாணவியாக நான் ரசித்துப் படித்தேன். அதற்கு முந்திய துப்பாக்கிகளில் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசித் தீப்பொறி விழ வேண்டும். அந்தப் பொறி ஒரு சிறு கிண்ணத்தில் கிடக்கும் மருந்தைப் பற்ற வைக்கும். மழையில் நனைந்தாலோ பையில் கவிழ்ந்தாலோ அது பயன்படாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செப்புத் தொப்பி வந்தது. பாதரசச் சேர்மம் தடவிய, பொத்தான் அளவேயான தொப்பி அது. சுத்தி போன்ற பகுதி அதன்மேல் அடித்ததும் அது வெடிக்கும். அந்தத் தீ குழலுக்குள் இருக்கும் கருமருந்தை எட்டும். கிண்ணமும் இல்லை, கல்லும் இல்லை. ஆகவே, துப்பாக்கியைச் சிறிதாக்க முடிந்தது. பையில் போட்டுக்கொள்ளவும் முடிந்தது.

டெரிஞ்சரின் துப்பாக்கியில் ஒரே குழல், ஒரே குண்டு. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த கருமருந்தையும் ஈயக்குண்டையும் குழல் வாயின் வழியே இட வேண்டும். குழலின் நீளம் ஒன்றரை அங்குலம் முதல் ஆறு அங்குலம் வரை மாறும். உள்விட்டம் பெரும்பாலும் 0.41 அங்குலம், ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அத்தனை குட்டையான குழலின் உட்புறத்திலும் குண்டைச் சுழற்றி அனுப்பும் முறுக்கு வரிகளை அவர் செதுக்கினார். பிடி வால்நட் மரத்தால் ஆனது. அதன் அலங்காரத் தகடுகள் ஜெர்மன் வெள்ளி. பெயரில்தான் வெள்ளி, உண்மையில் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். ஒரு முறைதான் சுட முடியும் என்பதால் மக்கள் சோடியாக வாங்கினர். ஒரு சோடி 15 முதல் 25 டாலர் வரை விற்றது. ஒவ்வொன்றிலும் தம் பெயரையும் பிலடெல்பியா என்ற ஊர்ப் பெயரின் சுருக்கத்தையும் அவர் முத்திரையாகப் பதித்தார்.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. நாலா திசையிலிருந்தும் மக்கள் அங்கே குவிந்தனர். பையில் பணமும் மனத்தில் பயமும் இருந்த இடத்தில் சிறிய துப்பாக்கிக்குக் கிராக்கி கூடாமல் இருக்குமா? டெரிஞ்சரின் முகவர்கள் அங்கே சரக்கை விற்றுத் தீர்த்தனர். அவருடைய பட்டறை மொத்தம் 15,000 அளவில் இத்தகைய துப்பாக்கிகளைச் செய்தது என்பது மதிப்பீடு.

டெரிஞ்சர் தம் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் அந்த வடிவத்தை யாரும் செய்யலாம், அதில் குற்றமில்லை. ஆனால், போட்டியாளர்கள் வடிவத்தோடு நிற்கவில்லை, முத்திரையையும் திருடினார்கள். அவரிடம் வேலை பழகிய சிலரே வெளியேறித் தனி நிறுவனம் அமைத்து, அவர் பெயர் பொறித்த போலிகளைச் செய்தனர். வேறு சிலர் இன்னும் தந்திரமாக நடந்தனர். அதே குடும்பப் பெயர் கொண்ட ஒரு தையல்காரரைத் தேடிப் பிடித்து, அவர் பெயரால் துப்பாக்கி விற்றனர். துணி தைப்பவருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? பெயர் ஒன்றே சம்பந்தம்.

வயதான காலத்தில் டெரிஞ்சர் வழக்கு தொடுத்தார். சான் பிரான்சிஸ்கோ வணிகர் பிளேட் என்பவருக்கு எதிரான அந்த வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த மாநிலத்தில் முத்திரைகளைப் பதிவு செய்யும் சட்டம் அப்போதுதான் வந்திருந்தது. டெரிஞ்சர் அதன்படி பதிவு செய்திருக்கவில்லை. ஆயினும், தம் சரக்கை அடையாளம் காட்ட ஒருவர் நேர்மையாகப் பயன்படுத்தி வந்த முத்திரை அவருக்கே சொந்தம், பதிவு இல்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது, ஊர் எல்லையும் அதைத் தடுக்காது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வணிக முத்திரைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் 1865ஆம் ஆண்டின் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள்.

அதே 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு வாஷிங்டனில் ஃபோர்டு நாடக அரங்கில் அதிபர் ஆபிரகாம் லிங்கன் மனைவியோடு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்நாட்டுப் போரில் தென்பகுதியின் முதன்மைத் தளபதி சரணடைந்து ஐந்து நாள்களே ஆகியிருந்தன. ஜான் வில்க்ஸ் பூத் என்ற 26 வயது நடிகன் பின்புறமாக வந்து அவர் தலையில் சுட்டான். மறுநாள் காலை 7.22க்கு லிங்கன் உயிர் நீத்தார். பூத் அங்கேயே போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கி ஆறு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான நீளம் கொண்டது. எடை கால் கிலோகூட இல்லை. அதில் பிலடெல்பியா டெரிஞ்சரின் முத்திரை இருந்தது.

செய்தித்தாள்கள் அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. அவசரத்தில் ஓர் 'ஆர்' கூடிவிட்டது. பிழையான அந்த எழுத்துக்கூட்டலே நிலைத்தது. பிற நிறுவனங்களும் தங்கள் சிறு துப்பாக்கிகளை அதே பெயரால் அழைக்கலாயின. ரெமிங்டன் நிறுவனத்தின் இரட்டைக் குழல் டெரிஞ்சர் 1866 முதல் 1935 வரை உற்பத்தியானது. முத்திரைக்காகப் போராடியவரின் பெயர் நீதிமன்றத்தில் வென்றது; அதே காலத்தில் தெருவில் பொதுச்சொத்தாகிப் போனது. டெரிஞ்சர் 1868இல், தமது 81ஆம் வயதில், பிலடெல்பியாவில் காலமானார்.

அவருடைய துப்பாக்கியை இன்றும் செய்கிறார்கள். அமெரிக்காவில் வரலாற்று ஆர்வலர்கள் பலர், பாகங்களாக வரும் தொகுப்பை வாங்கி, மரப்பிடியை அராவித் தேய்த்து, நகல் துப்பாக்கியைப் பொருத்தி, பாதுகாப்பான சுடுகளத்தில் கருமருந்து இட்டுச் சுடுகிறார்கள். ஒரு முறை சுட்டால் வெண்புகை மண்டலம் எழும். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே, அன்றே சோப்பு நீரால் கழுவி எண்ணெய் பூச வேண்டும். சுடுவது ஒரு நொடி, துடைப்பது அரை மணி நேரம். நம் நாட்டில் இது நடவாத காரியம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். எனக்கும் அதைக் கையில் எடுக்கும் ஆசை இல்லை. ஆனால், ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. இத்தாலியில் செய்யப்படும் இத்தகைய நகல்களில் அவற்றைச் செய்த நிறுவனத்தின் முத்திரையும் சோதனை நிலையத்தின் முத்திரையும் இருக்கும். நகல் தன்னை நகல் என்றே சொல்லிக்கொள்கிறது. நகலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

நண்பர்களே, இந்த இடுபணியை எழுதத் தொடங்கியபோது டெரிஞ்சரை நான் பாதிக்கப்பட்டவராகவே பார்த்தேன். என் பெயரில் ஏறிய 'எச்'சும் அவர் பெயரில் ஏறிய 'ஆர்'உம் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. எழுதி முடித்தபோது அப்படித் தோன்றவில்லை. ஓர் எழுத்து கூடியதாலா அவர் பெயர் கெட்டது? மறைத்து எடுத்துச் செல்ல வசதியான, அருகிலிருந்து ஒருவரைச் சுட ஏற்ற பொருளை அவர் அழகாகச் செய்தார். அதை வாங்கியவர்களுள் தற்காப்புக்கு அஞ்சியவனும் இருந்தான், பூத்தும் இருந்தான். அந்தக் கொலைக்கு டெரிஞ்சரைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால், பொருளில் பெயரைப் பதித்த பிறகு, அந்தப் பொருள் போகும் இடமெல்லாம் பெயரும் போகும். போலிகளில் இருந்த தம் பெயரை நீதிமன்றம் சென்று நீக்கலாம். ஃபோர்டு அரங்கில் கிடந்தது போலியன்று. அவர் பட்டறையில் பிறந்த அசல். அந்தப் பெயரை எந்த நீதிமன்றம் நீக்கும்?

அந்தத் துப்பாக்கி இன்று அதே அரங்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது களவு போய், இடத்தில் நகல் வைக்கப்பட்டதாக ஒரு பேச்சு எழுந்ததால், 1997இல் எஃப்.பி.ஐ. ஆய்வகம் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுச் சோதித்து, அது அசல்தான் என உறுதி செய்தது.

இன்னும் இரண்டு ஆண்டுகளில் நான் பொறியாளர். நான் வரையும் வரைபடங்களின் மூலையில் என் பெயர் இருக்கும். அதில் எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்வேன். அந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்துவிட்டேன். ஆனால், கையெழுத்திடும் முன் இது யார் கையில் போகும், என்ன செய்யும் என்று கேட்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் டெரிஞ்சர். இடுபணியில் அவர் பெயரை ஒரே 'ஆர்' போட்டுத்தான் சமர்ப்பித்தேன். சிவப்புக் கோடு அப்படியே இருக்கட்டும் என விட்டுவிட்டேன்.